பனிக்கட்டி விற்ற ஆட்டக்காரர்கள்

கௌனஸ் நகரத்தில் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் வண்டிகளை ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு ஃபேன்டஸி கூடைப்பந்துக் குழு வைத்திருந்தார்கள். ஐரோப்பியக் கோப்பையில் ஆடுகிறவர்களைப் போனிலேயே வாங்குவதும் விற்பதுமாக ஆளுக்கொரு அணி கட்டிக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர்கள் நிஜ அரங்கத்தில் எப்படி ஆடுகிறார்களோ, அதற்கேற்ப இவர்களுக்குப் போனில் புள்ளி ஏறும்.

ஓட்டுநர்களில் ஒருத்தியான வைவா அதில் சேர்ந்ததே தம்பிக்காகத்தான். விகிந்தாஸ் அந்த வருஷம்தான் நகரத்து அணியில் இடம் பிடித்திருந்தான். இடம் என்றால் பெஞ்சில்.

"ஏம்மா வைவா, உன் தம்பிய வாங்கினதுக்கு அந்த பெஞ்சையே வாங்கியிருக்கலாம். அதுவாவது ஆட்டம் முடியறவரைக்கும் அரங்கத்துல இருக்கும், இவன் பாதியிலேயே தண்ணி எடுக்கப் போயிடறான்" என்று டிப்போ கேன்டீனில் ஆல்கிஸ் கிண்டலடிப்பார். குழுவை ஆரம்பித்தவர் அவர்தான்.

விகிந்தாஸை வாங்கிய இன்னொரு அணியும் குழுவில் இருந்தது. பெயர் 'பனிக்கட்டி'. முகப்படம் இல்லை. அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. குழுவில் சேர வேண்டிய ரகசியச் சொல்லை டிப்போவுக்கு வெளியே சொல்லவே இல்லை என்று ஆல்கிஸ் தாயின் மேல் சத்தியம் செய்தார்.

இலையுதிர் காலத்தில் பனிக்கட்டி ஒரு பிரெஞ்சுக்காரனை விற்றது. அப்போது அவனைவிட நன்றாக ஆடியவர் யாருமில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் ஆட்டத்தில் அவன் முழங்கால் போயிற்று. அடுத்து ஒரு கிரேக்கனை விற்றது. அவன் தோள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பனிக்கட்டி யாரை விற்கிறதோ அவனைத் தாங்களும் விற்றார்கள்.

வைவாவும் விற்றாள். பெல்கிரேடுக்காரன் ஒருவனை அவள் காலையில் விற்க, சாயங்காலம் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனதை டிவியில் பார்த்தாள். பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டி கையில் இருந்தது. 'நல்லவேளை, விற்றுவிட்டேன்' என்ற நினைப்போடு அதைக் கடித்தாள்.

பிப்ரவரியில் நகரத்து அணியின் முக்கிய ஆட்டக்காரனைப் பனிக்கட்டி விற்றது. டிப்போவே விற்றது. அவன் கணுக்கால் முறிந்து படுத்தான். அவனுக்குப் பதிலாக அடுத்த ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே இறங்கப்போவது விகிந்தாஸ் என்று பயிற்சியாளர் அறிவித்தார்.

ஆட்டத்தன்று காலை, வண்டியைக் கடைசி நிறுத்தத்தில் திருப்பிப் போட்டுவிட்டு வைவா போனைப் பார்த்தாள். பனிக்கட்டி விகிந்தாஸை விற்றிருந்தது.

உடனே தம்பியை அழைத்தாள்.

"விகி, இன்னிக்கு ஆடாதடா."

"என்னக்கா உளர்ற? மொத தடவையா ஆரம்பத்துலயே எறங்கப் போறேன்!"

"பனிக்கட்டி உன்ன வித்துருச்சு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. உடைமாற்றும் அறையிலும் அந்தப் பெயர் பரவியிருந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"போன்ல விளையாடறவங்க பேச்சக் கேட்டு நான் உக்காரணுமா?"

"காலு வலிக்குதுன்னு சொல்லு. ஒரே ஒரு ஆட்டம். என் கண்ணுல்ல? நீ விழுந்தா நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுடா."

"நீ என் வாழ்க்கைய கெடுக்கறக்கா" என்று சொல்லி வைத்துவிட்டான். ஆனால் மத்தியானம் செய்தி வந்தது: விகிந்தாஸுக்குத் தொடைப்பிடிப்பு, ஆடமாட்டார்.

சாயங்காலம் ஆற்றுத் தீவிலிருக்கும் அரங்கத்துக்குத் தோழி தாங்குவலேயோடு போனாள். பெஞ்சின் ஓரத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான். முழுசாக. அவளுக்கு உயிர் வந்தது.

"ஏய், இங்க பாரு" என்று தாங்குவலே போனை நீட்டினாள். "பனிக்கட்டி உன் தம்பிய திரும்ப வாங்கிருச்சுடி. ஆடாதவன எவனாவது வாங்குவானா?"

ஆட்டம் தொடங்கப்போகிறது என்று முரசு அதிர்ந்தது. விகிந்தாஸுக்குப் பதிலாக இளையோர் அணியிலிருந்து கூட்டிவந்த இக்னாஸ் உள்ளே ஓடினான். நகரத்தில் பலர் அப்போதுதான் அந்தப் பெயரையே கேட்டார்கள். பனிக்கட்டியிடம் அவன் என்றைக்கும் இருந்ததில்லை. யாருடைய அணியிலும் இருந்ததில்லை.

இரண்டு கூடை போட்டான், அரங்கமே எழுந்து நின்றது. மூன்றாவதற்காக எம்பினான். இறங்கும்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை; யாரும் இடிக்கவும் இல்லை. கால் மட்டும் எதிலோ சிக்கியதுபோல் முறுக்கிக்கொண்டு போயிற்று. முரசுகள் ஒவ்வொன்றாக நின்றன. அவன் கத்தியது மேல் வரிசைவரைக்கும் கேட்டது.

பெஞ்சிலிருந்த விகிந்தாஸ் இக்னாஸைப் பார்க்கவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, கூட்டத்தில் அக்காவைத் தேடினான்.

இக்னாஸுக்கு நடை திரும்பியது, ஆட்டம் திரும்பவில்லை. ஆல்கிஸ் முதலில் குழுவை விட்டு வெளியேறினார். "எனக்கு வயசாச்சும்மா" என்றார். பிறகு மற்றவர்கள். மார்ச் மாதத்தில் குழுவில் இரண்டே அணிகள் மிஞ்சின: வைவாவுடையது, பனிக்கட்டி. 'நீ யார்?' என்று அவள் அதற்கு எழுதிப் பார்த்தாள். பதில் இல்லை. வெளியேறவும் துணிவு வரவில்லை. வெளியேறினால் பனிக்கட்டி யாரை விற்கிறது என்று பிறகு எப்படிப் பார்ப்பது?

ஏனென்றால் ஆட்டம் உள்ள காலைகளில் விகிந்தாஸ் தவறாமல் அழைத்தான். நலம் விசாரிப்பு இல்லை, சாப்பிட்டாயா இல்லை.

"பனிக்கட்டில இருக்கேனா?"

"இருக்க."

அவ்வளவுதான், வைத்துவிடுவான். போய் ஆடினான், நன்றாகவே ஆடினான். செய்தித்தாளில் படம்கூட வந்தது.

வசந்தத்தில் ஒரு காலை, சவானோரியு சாலை நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அவன் கேட்பதற்கு முன்பே, "இருக்கடா" என்றாள்.

"அதுக்கு கூப்பிடலக்கா. அணிய விட்டுட்டேன். பயிற்சியாளர்கிட்ட சொல்லியாச்சு."

"ஏன்டா? உனக்கு ஒண்ணும் ஆகலயே! உன்ன அது விக்கவே இல்லயே!"

"இத்தன நாளா நான் இருக்கேனான்னு மட்டும்தான் கேட்டிருக்கேன்" என்றான். "வேற யார் இல்லேன்னு ஒரு நாள்கூட கேக்கலக்கா. நீயும் சொல்லல."

பின்னால் யாரோ ஜன்னலைத் தட்டி, வண்டி கிளம்புமா கிளம்பாதா என்று கேட்டார்கள். வைவா கதவுகளை மூடினாள். அவளுக்கு எல்லாப் பெயரும் தெரிந்திருந்தது. அன்று காலை பனிக்கட்டி விற்றவனின் பெயர்கூட.