காரணம் கட்டாயம்

“தேவையானவை எவை?” என்று ஏஐ ஏஜென்ட் திரையில் கேட்டிருந்தது.

அன்று காலை அவள் கையேட்டில் எழுதிய வரி இதுதான்: தேவையானவற்றை விட்டுவிட்டுப் பழைய லாக்குகளை அழிக்கவும். மனிதர்களுக்குக் கையேடு எழுதியே பன்னிரண்டு வருடம் ஓட்டியவள். மனிதர்கள் என்றால் இந்த வரிக்குத் தலையாட்டிவிட்டு, பக்கத்து இருக்கையில் மெல்ல விசாரித்துக்கொள்வார்கள். ஏஐ ஏஜென்டுக்குப் பக்கத்து இருக்கை கிடையாது. எழுதியதைச் செய்யும், எழுதாததைக் கேட்கும்.

சர்வர்கள் தாங்கள் செய்ததையெல்லாம் நொடிக்கு நொடி எழுதிவைப்பது லாக். அதில் வாடிக்கையாளர்களின் வீட்டு முகவரிகளும் கலந்து கிடப்பதால், தொண்ணூறு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வெளியே எடுத்துப்போகவும் கூடாது என்பது விதி. வேலை ஓய்ந்ததும் அழித்துக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் எல்லோரும் தள்ளிப்போட்டார்கள். அலை ஓய்ந்து கடலாடுவது நடக்கிற காரியமா? கடைசியில் அழிப்பதற்கென்று ஒரு கருவி செய்து, அதை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டார்கள். அது படிக்க வேண்டிய கையேடு அவள் பொறுப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் ஓட்டம்.

அவள் தம்பியும் இதே அலுவலகத்தில்தான் இருந்தான். படுத்துவிடும் சர்வர்களை எழுப்புவது அவன் வேலை. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் காரணம் எழுத வேண்டும். ‘காரணம் கட்டாயம்’ என்று பழைய கையேட்டில் விதி போட்டவள் அவள். மற்றவர்கள் அந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களை அவள் திட்டித் தீர்த்ததைக் கேட்டுக்கேட்டு, அவளைச் சீண்டவென்றே இவன் மட்டும் வாக்கியமாக எழுதினான். ‘அக்கா உத்தரவு. மெஷின் காலையிலயே குப்புறப் படுத்துடுச்சு. தட்டி எழுப்பினேன்.’ ‘அக்கா உத்தரவு. நான் தொடவே இல்ல, அதுவா விழுந்துச்சு. சத்தியமா.’

எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில் அவன் பைக் லாரிக்கு அடியில் போனது. அவன் போனின் பூட்டை யாராலும் திறக்க முடியவில்லை. அவன் பேச்சென்று மிஞ்சியது, அந்தக் காரணங்கள் பதிவாகியிருந்த ஏழாம் சர்வரின் லாக் மட்டும்தான்.

மதிய இடைவேளையில் அம்மா தினமும் போனில் கூப்பிடுவாள். இவள் ஒரு வரி படிப்பாள், ஒன்றே ஒன்று, சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று. அம்மா தேதி கேட்பாள். அன்று அவன் என்ன சட்டை போட்டிருந்தான், சாப்பிட்டுப் போனானா, சண்டை போட்டுப் போனானா என்று கொஞ்ச நேரம் யோசிப்பாள். சிரிப்பாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். இன்னும் நாற்பது வரிகளாவது மீதி இருந்தன. கையால் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முயன்றாள். எழுதி முடித்துப் பார்த்தால், பாதி வாக்கியங்களைத் தன்னையறியாமல் திருத்தியிருந்தாள். அது அவனாக இல்லை. கிழித்துப் போட்டாள்.

இப்போது கையேட்டில் ஒரு வரி சேர்த்தாள்: ஏழாம் சர்வரின் லாக்கை அழிக்க வேண்டாம்.

உடனே பதில் வந்தது. “நான்காம் விதிப்படி விலக்குக்குக் காரணம் கட்டாயம். காரணம் என்ன?”

நான்காம் விதியும் அவள் எழுதியதுதான். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான் போலும்.

பின்னால் வந்து நின்ற டீம் லீடர் திரையைப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும்.

“ஒரு புள்ளி வைம்மா. அது போதும்னு தாண்டிப் போயிடும்,” என்றார் மெதுவாக. “நான் எதையும் பாக்கல.”

அவள் விரல் புள்ளியின் மேல் வந்து நின்றது. ஒரே ஒரு தட்டு. தம்பி இருப்பான். கூடவே, முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் வீட்டு வாசல்களும் அங்கேயே கிடக்கும். அதோடு, புள்ளி வைக்காதவன் அவன் ஒருவன்தான். அவனைக் காப்பாற்றப் புள்ளி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சேர்த்த வரியை எடுத்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஏஜென்ட் வேலையைத் தொடங்கியது. பதினொரு நொடியில் முடிந்தது. அழித்த பின் சர்வரை எழுப்புவதை மட்டும் மனிதர்தான் செய்ய வேண்டும். அவள் எழுப்பினாள். திரை காரணம் கேட்டது. அவள் வாக்கியமாக எழுதினாள்.

போன் அடித்தது.

“இன்னைக்கு என்ன எழுதியிருக்கான்?”

“அக்கா உத்தரவு. வீட்டைக் கூட்டிப் பெருக்கியாச்சு. மெஷின் எழுந்துடுச்சு, நாங்கதான் இன்னும் எழுந்திரிக்கல.”

அம்மா சிரிக்கவில்லை. “தேதி என்ன?”

பொய் சொல்ல எத்தனையோ தேதிகள் இருந்தன.

“இன்னைக்குத் தேதிதாம்மா.”

அந்தப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா அதை மூடினாள்.

“சாப்பிட்டியா?”

“இல்லம்மா.”

“போய்ச் சாப்பிடு. நாளைக்குக் கூப்பிடுறேன். அப்பவும் ஒரு வரி படி.”

போனை வைத்தாள். திரையில் அந்த ஒற்றை வரி இருந்தது. அதன் கீழே, அடுத்த வரி தொடங்க வேண்டிய இடத்தில், ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.