மெழுகு பூசிய செல்லையா

ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் செல்லையாவுக்குப் பொறாமை வந்தது சிலந்திகள் மேல். முதலில், பூச்சிகளை ஆராய வந்த வெள்ளைக்காரப் பூச்சித் துரை மேல்தான் பொறாமைப்படப் பார்த்தான். துரைக்கு வயது எழுபது. தும்மினால் பல்செட்டு மூன்று மரம் தள்ளிப் போய் விழும். அவர்மேல் பொறாமைப்பட மனசு வரவில்லை.

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம்; காட்டுக்குள் கம்யூனிஸ்ட் படை. தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. கம்பிமேல் கொசுவலை அகலத்துக்கு ஒரே வலை. அதில் முந்நூறு சிலந்திகள் கூட்டுக் குடித்தனம். சண்டை என்பதே கிடையாது. ஏன் கிடையாது என்று கண்டுபிடிக்கத்தான் துரை வந்திருந்தார். கை நடுங்காத ஆள் வேண்டுமென்று, பால்மரம் சீவிக்கொண்டிருந்த செல்லையாவின் மனைவி தாயம்மாவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

"ஒவ்வொண்ணு மேலயும் மெழுகு பூசின மாதிரி இருக்குங்க. பெட்ரோல்ல முக்குனா கரைஞ்சு வந்துடும். அந்த மெழுகுதான் அதுங்களுக்கு ஐசி, அடையாள கார்டு. கேட்டுல நம்மகிட்ட கேக்குறாங்கல்ல, அது மாதிரி. காலால தடவிப் பாத்து, நம்ம ஆளுன்னா விட்டுடும்."

"மெழுகு இல்லாட்டி?"

"கடிச்சுத் தொரத்திடும்லா."

"நாள் பூரா அதையே பாக்குறியே, என்னை ஒருநாளாச்சும் அப்படிப் பாத்திருக்கியா?"

"உங்களுக்கு எட்டுக் கண்ணா இருக்கு?"

செல்லையா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் துரையின் கொட்டகையிலிருந்து, சிலந்திகளைக் கழுவிச் சேர்த்த மெழுகுக் குப்பியைத் திருடி, கழுத்திலும் மீசையிலும் தேய்த்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றான்.

சிலந்திகள் வந்தன. காலால் தடவிப் பார்த்தன. சொந்தக்காரன்தான் என்று தீர்மானித்து, மத்தியானத்துக்குள் முந்நூறும் அவன்மேல் குடியேறிவிட்டன. காதுக்கும் தோளுக்கும் நடுவே வலை. காட்டுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று கேட்டில் எல்லோரையும் தடவிப் பார்க்கும் காவல்காரர் உடையப்பன், அவனைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "போ, போ" என்றார்.

தாயம்மா சேதி கேட்டு ஓடிவந்தாள். அவனை அடுப்படி முக்காலியில் உட்கார வைத்துப் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். ஏழு வருஷக் கல்யாணத்தில் அவள் இத்தனை நேரம், இத்தனை கிட்டத்தில் அவனைப் பார்த்ததில்லை. மூச்சு கழுத்தில் பட்டது. செல்லையா கண்ணை மூடிக்கொண்டான்.

"அசையாதீங்க. என்னா அழகு!"

"யாரு?"

"மீசைக்குக் கீழ இருக்காளே, இவதான். முட்டை வச்சிருக்கா."

செல்லையாவுக்கு வயிறு பழையபடி எரிந்தது. இப்போது சக்களத்தி மீசைக்குக் கீழேயே குடியிருக்கிறாள். மண்ணெண்ணெய் டின் காலடியில்தான் இருந்தது. துணியை நனைத்து ஒரு துடை துடைத்தால் மெழுகு போய்விடும். மெழுகு போனால் முந்நூறும் கிளம்பிவிடும். தாயம்மாவும் பின்னாலேயே கிளம்பிவிடுவாள்.

டின்னைக் காலால் தள்ளி வைத்தான்.

"தோள்ல இன்னொருத்தி இருக்கா," என்றான். "அவளையும் பாரு."