செவலைகிட்ட சொல்லு

"செவல, பஸ்ஸுக்கு நேரமாவுது. டிபன் பாக்ஸ எடுத்துக்கினாளான்னு கேளு."

"செவல, எடுத்துக்கினேன்னு சொல்லு. மாத்திர போட்டுக்கினாரான்னு கேளு."

இரண்டு வருடங்களாக வீரமுத்துவும் அவர் மகள் தனுஷாவும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நைனார்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே, "நான் அன்புச்செல்வனத்தான் கட்டிக்குவேன்" என்று அவள் சொன்ன அன்று, அப்பா அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினார். நடுவில் படுத்திருக்கும் நாய் செவலை, யார் பேசினாலும் அவர் பக்கம் காதைத் திருப்பும்.

எல்லாச் சேதியும் அதன் வழியாகவே போயிற்று, ஒன்றைத் தவிர. வெள்ளிமலைப் பள்ளியில் வாத்தியாராக இருக்கும் அன்புச்செல்வனை அப்பா ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதைத் தனுஷா செவலையிடம்கூடச் சொன்னதில்லை. நாய் வழியாகக் கேட்டால் நாய் வழியாகவே மறுத்துவிடுவார்.

நேற்று செவலை கஞ்சியைத் தொடவில்லை. இன்று விடிந்தபோது மோட்டார் கொட்டகையில் கால் நீட்டிக் கிடந்தது. பதிமூன்று வயது.

கரும்பு வயலின் வரப்போரம் அப்பா குழி வெட்டினார். தனுஷா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தன் பழைய துப்பட்டாவில் அதைச் சுற்றித் தூக்கிவந்தாள். நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது.

"ரெண்டு பேருக்கும் வக்கீல் வேல பாத்தே ஓஞ்சிபூட்ச்சி," அம்மா லட்சுமியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "இனிமே அப்பனும் பொண்ணும் ஒரு ஆட்டுக்குட்டிய பழக்கிக்குங்க."

தனுஷாவுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது. அப்பா குழிக்குள் குனிந்துகொண்டார்.

உப்பைத் தூவி மண்ணைத் தள்ளினார்கள். மேலே ஒரு தென்னங்கன்று. அதை நிமிர்த்திப் பிடித்தபடி அப்பா திரும்பாமலே சொன்னார்:

"செவல, அந்தத் தண்ணிக் கொடத்த எடுத்தாரச் சொல்லு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கன்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. லட்சுமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தனுஷா குடத்தைத் தூக்கிவந்து ஊற்றினாள். தண்ணீரை மண் குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள். பிறகு குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அப்பாவுக்கு நேர் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அப்பா."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம அவரு மலையிலருந்து எறங்குவாருப்பா. நம்ம வூட்டுக்கு வரச் சொல்றேன். ஒரே ஒரு வாட்டி, நீங்களே நேர்ல பாத்து பேசுங்க."