எதை வைத்துச் சொல்வது

1
இந்தக் கதையை எழுதச் சொன்னவர் யாருமில்லை. எழுதாதே என்றவர் ஒருவர் உண்டு, என் அக்காவின் கணவர். பிறகு இறங்கிவந்து, பெயர் மட்டும் போடாதே என்றார். ஆகவே, மாமா.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் பேச்செல்லாம் கைகளால்தான்.

‘வாடிய பூவிதழ்களைப் போல அவருடைய விரல்கள்...’ (வேண்டாம். மாமா லிப்ட் மெக்கானிக். படித்தால் சிரிப்பார்.)

2
பதினாறு வருடமாகக் காலை டீயோடு கை ஓயாமல் பேசிய மனிதர், திடீரென்று காலையில் பேசுவதை நிறுத்திவிட்டார். கைகள் பேன்ட் பைக்குள். எதைக் கேட்டாலும் தலையாட்டல். மாலையில் மட்டும் வழக்கம்போலப் பேச்சு. மூன்று மாதம் பொறுத்த அக்கா, தன்மேல் என்ன கோபமென்று கேட்டுவரச் சொன்னாள். வேறு யாராவது இருக்கிறார்களா என்றும்.

(இங்கே ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் கதை சூடுபிடிக்கும். அப்படி யாருமில்லை.)

3
லிப்ட் மோட்டார் அறையில் அவரைப் பிடித்தேன். வீங்கிய விரல் மூட்டுகளைக் காட்டினார். முடக்குவாதமாம், டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறதாம். மாத்திரைகள் டூல் பெட்டிக்குள் இருந்தன. தினமும் விரல்கள் இளக ஒன்பது மணியாகிவிடுகிறது என்றார்.

“அக்காகிட்ட சொல்றதுக்கென்ன மாமா?”

“எதை வச்சு சொல்றது? இதை வச்சுத்தானே சொல்லணும்.”

மாலையில் சொல்லலாமே என்றேன். கை நன்றாக இருக்கிற நேரத்தில் அதை எதற்கு நினைவுபடுத்துவது என்றார்.

நீயே போய்ச் சொல்லிவிடு என்றார். நான் தூது போக மறுத்துவிட்டேன்.

4
மறுநாள் காலை ஏழு மணிக்கு, என் எதிரிலேயே சொன்னார். ‘வலி’ என்று சொல்லப்போய் வேறேதோ வந்தது. மறுபடி சொல் என்றாள் அக்கா. நான்கு முறை. நான் குறுக்கே புகுந்து விளக்க எழுந்தேன். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவது முறை புரிந்தது.

‘அக்கா அழுதாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அழவில்லை, சண்டை போட்டாள். மறைத்ததற்காக, அவர் ஒரு பதிலும் சொல்ல முடியாத வேகத்தில், ஒன்பது மணிவரை. அதன்பிறகு அவர் முறை.

5
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மருந்து பலிக்கிறது. மற்றதில் இல்லை. படித்துவிட்டு, டாக்டருக்கே தெரியாதது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டாள் அக்கா. இரண்டையும் கிழித்துவிட்டாள்.

எனவே, நேற்று காலை பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். மாமா ஏதோ சொல்லத் தொடங்கினார். விரல்கள் பாதியில் நின்றன. அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்ல வந்தது

(அவளைப் போல நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.)