க்ளைட் அவுட்

ஆல்டர் ரன் ஊரில் தீயணைப்புக்குச் சம்பள ஆட்கள் கிடையாது. சங்கு ஊதினால் செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வருகிற நாங்கள்தான் படை. நான் வண்டியோடு நின்று பம்பைப் பார்த்துக்கொள்பவன். தலைவர் மெர்ல் கௌஃப்மன், பால் பண்ணைக்காரர். க்ளைட் ரிட்டர் டிராக்டர் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டிய பிறகும் எரிகிற கட்டடத்துக்குள் முதல் ஆளாக நுழைவார். அவருக்கு ஜோடியாக உள்ளே போகிறவள் ஜோலீன் ஸ்டாஃபர். மூன்றாம் வகுப்பு ஆசிரியை. படையில் இருந்த ஒரே பெண்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் தீவனக் கடையின் பின்பக்கக் கிடங்கு பற்றிக்கொண்டது. அடுத்த கட்டடம் பெயின்ட் கடை. அதற்குத் தாவும் முன் உள்ளே போய்த் தண்ணீர் அடித்தாக வேண்டும். க்ளைட் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டே ஜோலீனைச் சீண்டினார்.

"என்ன டீச்சரம்மா, பேப்பரெல்லாம் திருத்தியாச்சா?"

"உங்க பேரனோடதைத்தான் திருத்திட்டிருந்தேன். தாத்தா மாதிரியே. ஒரு வரிகூட நேரா இல்ல."

"அப்ப எங்க குடும்பத்துப் பையன்தான். சந்தேகமில்ல."

சிரித்துக்கொண்டே முகமூடியை இழுத்து மாட்டினார். இருவரும் குழாயைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் போனார்கள்.

உள்ளே நடந்ததைப் பிறகு ஜோலீன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கூரை வரைக்கும் அடுக்கியிருந்த மூட்டைகள் அடியில் எரிந்து, மேலே நனைந்து கனத்து, சரிந்து விழுந்திருக்கின்றன. க்ளைட் அடியில் மாட்டிக்கொண்டார். அவள் மூட்டைகளை இழுத்துத் தள்ளிப் பார்த்தபோது அவருடைய தலைக்கவசம் கழன்றிருந்தது. முகமூடி ஒருபக்கம் நகர்ந்திருந்தது. தட்டினாள், உலுக்கினாள். அசைவில்லை. முகமூடியைச் சரிசெய்துவிட்டு ரேடியோவில் கத்தினாள்.

"க்ளைட் அவுட். க்ளைட் அவுட்."

எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. தீ அணைந்தால் அவுட். கரண்ட் போனால் அவுட். வீட்டில் ஆள் இல்லையென்றால் அவுட். ரேடியோவில் பேசி முடித்தவன் கடைசியாகச் சொல்வதும் அவுட். நெருப்புக்குள்ளிருந்து ஒருவன் பத்திரமாக வெளியே வந்தாலும் அவுட்தான். உள்ளேயே நினைவு தப்பிக் கிடந்தாலும் அவுட்தான். ஜோலீன் நினைவு தப்பியதைச் சொன்னாள். க்ளைட் வெளியே வந்துவிட்டதாக மெர்ல் எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கதவு வழியாகக் கரி படிந்த கோட்டு ஒன்று வெளியே வந்து குனிந்து இருமியது. அது எங்கள் படையின் இன்னொரு ஆள், ஆரின் பெக். க்ளைடின் உயரம், க்ளைடின் உடம்பு வாகு. மெர்லுக்குத் தெரிந்தது முதுகு மட்டும்.

"கேட்டுச்சு ஜோலீன். நீயும் வந்துடு" என்றார் ரேடியோவில்.

உள்ளே நெருப்பின் இரைச்சலில் அவள் காதில் விழுந்தது 'கேட்டுச்சு' மட்டும்தான். ஆட்கள் வருகிறார்கள் என்று நம்பினாள். க்ளைட் கனத்த மனிதர். அவருடைய தோள்பட்டியைப் பிடித்து அங்குலம் அங்குலமாக இழுத்தாள். கையுறை கிழிந்து வலது கை வெந்தது. யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டபோது ரேடியோ வேலை செய்யவில்லை. சிலிண்டரில் காற்று தீரப்போகிறது என்று மணி அடிக்கத் தொடங்கியது. அது நிற்கிற வரைக்கும் இழுத்துவிட்டு, குழாயைத் தடவிக்கொண்டே ஊர்ந்து வெளியே வந்தாள்.

வாசலில் மண்டி போட்டு முகமூடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஆளுங்க எங்கே? ஒருத்தரும் உள்ளே வரலையே?"

மெர்ல் அவளைப் பார்த்தார். "எதுக்கு?" என்றார்.

ஆரினும் இன்னொருவரும் உள்ளே பாய்ந்தார்கள். க்ளைடைத் தூக்கி வந்து பனியில் கிடத்தினார்கள். மருத்துவ வண்டி ஆட்கள் நெடுநேரம் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

எங்கள் வீடுகளில் படையின் பேச்சைக் கேட்க ஆளுக்கொரு சின்ன ரேடியோ உண்டு. க்ளைடின் மனைவி ஆர்லீன் சமையலறையில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 'க்ளைட் அவுட்' என்றதும் நிம்மதியாக மூச்சு விட்டாள். ரேடியோவை நிறுத்திவிட்டு, ஆறிப்போன பன்றிக்கறியையும் பீன்ஸையும் மறுபடி அடுப்பில் வைத்தாள். மெர்லும் பாதிரியாரும் வாசலில் வந்து நின்றபோது கையில் கரண்டியோடு கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னபோது நம்பவில்லை.

"இல்லையே. அவர் வந்துட்டாரே. நானே என் காதால கேட்டேனே."

அடக்கம் முடிந்தது. பழி யார் மேல் என்று ஊர் தேடத் தொடங்கியது. சாலையோர உணவுக்கடையில் காலை நேரத்தில் வேறு பேச்சே இல்லை.

"பிள்ளைங்களுக்கு மொழிப்பாடம் நடத்துறா. சமயத்துல அவ வாயில ஒரு சொல் சரியா வரல."

"ஆம்பளையா இருந்தா 'அடிபட்டுக் கிடக்கான், வாங்க'ன்னு சொல்லியிருப்பான்" என்றான் ஆரின்.

"நீ அவளோட உள்ளே இருந்தியா?" என்று நான் கேட்டேன்.

"நீ இருந்தியா?" என்றான்.

ஜோலீன் கட்டுப்போட்ட கையோடு ஆர்லீன் வீட்டுக்குப் போனாள். ஆர்லீன் வலைக்கதவைத் திறக்காமலேயே பேசினாள்.

"நீ என்ன சொல்ல வந்திருக்கேன்னு தெரியும். அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல ஜோலீன். போயிடு."

இரண்டு நாள் கழித்து, க்ளைடின் பட்டறைக்கான தொலைபேசி வீட்டுச் சமையலறையில் மணி அடித்தது. விஷயம் தெரியாத வெளியூர் விவசாயி ஒருவர். க்ளைட் இருக்கிறாரா என்று கேட்டார். ஆர்லீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக்கையோடு ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்ததையே சொன்னாள்.

"இல்லீங்க, அவுட்."

"எப்ப வருவார்?" என்றார் அவர்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை ஆர்லீனே என்னிடம் சொன்னாள்.

"நான் யோசிக்கவே இல்ல. வாய் தானா சொல்லிடுச்சு. நெருப்பு இல்ல, புகை இல்ல, சமையலறையில நிதானமா நின்னுட்டிருந்தேன். எனக்கே இப்படின்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?"

மார்ச்சில் நகராட்சிக் கூடத்தில் விசாரணை நடந்தது. ரேடியோ பதிவைப் போட்டார்கள். ஜோலீனின் குரல் இரண்டு தடவை அதையே சொன்னது. மெர்ல் 'கேட்டுச்சு' என்றார். கூடத்தில் யாரும் நிமிரவில்லை. விசாரித்த வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க வேற சொல் ஏதாவது பயன்படுத்தியிருக்கலாமே?"

"பயன்படுத்தியிருக்கலாம். இப்ப பத்து சொல் தோணுது. படுத்தா தோணுது, வகுப்புல நிக்கும்போது தோணுது."

"அப்போ?"

"அப்போ அது ஒண்ணுதான் வந்துச்சு."

பின்வரிசையில் ஆர்லீன் எழுந்தாள். அவளை யாரும் சாட்சிக்கு அழைத்திருக்கவில்லை. பேசலாமா என்று கேட்டாள். வக்கீல் தலையசைத்தார்.

"நானும் அதைக் கேட்டேன். வந்துட்டார்னு நினைச்சேன். ஏன்னா எனக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சு. அடுப்பைப் பத்த வெச்சேன். மெர்லுக்கும் அதுதான் வேணும்னு இருந்திருக்கும். ஆனா நான் வீட்டுல இருந்தேன், என்னால திரும்பிப் பார்க்க முடியாது. மெர்ல் அங்கேயே நின்னுட்டிருந்தார். இந்தப் பொண்ணு க்ளைடைக் கையால இழுத்திருக்கா. அந்தக் கையைப் பாருங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

தனிப்பட்ட முறையில் யார் மேலும் குற்றமில்லை என்று முடித்தார்கள். அந்தச் சொல்லை இனி படையின் ரேடியோவில் எவரும் எதற்காகவும் உச்சரிக்கக்கூடாது என்று விதி போட்டார்கள். ஜோலீன் அன்றே தன் கோட்டையும் காலணியையும் ஒப்படைத்தாள். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை, இருக்கச் சொல்ல எங்களுக்கு என்ன முகம் இருந்தது?

வெளியே வண்டிகள் நிற்குமிடத்தில் மெர்ல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆர்லீனிடம் வந்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் பாதியாக இளைத்திருந்தார்.

"அந்தக் கோட்டைப் பார்த்தேன் ஆர்லீன். முதுகுதான் தெரிஞ்சுது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம்."

"ஆமா மெர்ல். கூப்பிட்டிருக்கலாம்."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆர்லீன் திரும்பி ஜோலீனைப் பார்த்தாள்.

"ஏறு. அந்தக் கையோட நீ வண்டி ஓட்ட வேண்டாம்."

அவர்கள் போனார்கள். கூட்டமும் கலைந்தது. மெர்ல் தன் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாதவர்போல நின்றுகொண்டிருந்தார். நான்தான் அவரைக் கைப்பிடித்து என் வண்டியில் ஏற்றிப் பண்ணைக்குக் கொண்டுபோனேன். பால் கறக்கும் நேரமாகியிருந்தது, மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.