ஓரக்கண் பார்வை

என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். காலையில் என்ஜினுக்குள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். விருட்டென்று நிமிர்ந்ததில், மேலே தூக்கி நிறுத்தியிருந்த என்ஜின் மூடி மண்டையில் ணங்கென்று இடித்துவிட்டது. ரத்தம் வரவில்லை, மயங்கவும் இல்லை; கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்ததோடு சரி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். தலைக்குள்ளே ஏதாவது ஆகியிருந்தால்?

"ஆஸ்பத்திரியா? பேசாம இரு" என்று அடம்பிடித்தவரிடம் மல்லுக்கட்ட முடியாமல், வீடியோவில் ஒரு டாக்டரைப் பிடித்தேன். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தேன்.

டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். ஆனாலும் கறார். வாந்தி வந்ததா, கைகால் மரத்ததா, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. பிறகு, "அஞ்சு வார்த்தை சொல்றேன். அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்றார். சாவி, மரம், தட்டு, மேகம், ஊசி.

இங்கேதான் என் புத்தி வேலையைக் காட்டியது. நான் மழலையர் வகுப்பு டீச்சர். ஆண்டு விழாவில் மேடை ஓரம் நின்று வாயசைத்து, மறந்து முழிக்கும் வாண்டுகளைக் கரையேற்றுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இவரோ கடைக்குப் போய் நின்றுகொண்டு, எதற்கு வந்தோம் என்று எனக்கே போன் போட்டுக் கேட்கிறவர். இந்த மனுஷனின் பிறவி மறதியை அடிபட்ட மறதி என்று டாக்டர் எடுத்துக்கொண்டால்? போனுக்குப் பக்கத்தில், கேமராவில் விழாமல் ஓரமாக நின்றேன். சா...வி. ம...ரம். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னபோதும், ஓசையில்லாமல் டிசம்பர், நவம்பர் என்று கூடவே ஓடினேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

டாக்டர் திரையருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"சார், கண்ணு அடிக்கடி ஒரு பக்கமாவே போகுதே. நேராப் பாருங்க."

இவர் நேராகப் பார்த்தார். உடனே மறுபடி ஓரம்.

"வீட்ல யாராவது இருக்கீங்களா? எனக்கு இது சரியாப் படல. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

ஆம்புலன்ஸைக் கூப்பிட அவர் போனைத் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பக்கம் நிற்பதே நான்தான். பாய்ந்து போய் கேமரா முன் தலையை நீட்டினேன்.

"டாக்டர், அது நான்! நான்தான் வாயசைச்சு பதில் சொல்லிக்கொடுத்தேன்!"

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா? நீங்க சொன்ன பதிலை அவர் பதில்னு நம்பி வீட்லயே விட்டிருப்பேனேம்மா" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்லாம் முதலிலிருந்து. என்னை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, புது வார்த்தைகள் சொன்னார். மாதங்களையும் மறுபடி கேட்டார். பிறகு என்னை முன்னால் வரச் சொல்லி, டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்த்தார். தரைக்கல் கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து அவரை நடக்கவிட்டார். விழுந்தால் பிடிக்க நான் கூடவே நடந்தேன், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு. கடைசியில் வார்த்தைகளைத் திரும்பக் கேட்டார்.

"வண்டி, பால், கதவு, நிலா..." கொஞ்சம் இழுத்தார். நான் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினேன். "கயிறு."

"லேசான மூளையதிர்ச்சிதான், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். போன், டிவி வேண்டாம். நான் மறுபடி பாத்துச் சொல்ற வரைக்கும் பணிமனைப் பக்கமே போகக் கூடாது, வண்டியும் ஓட்டக் கூடாது. வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடினாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பியும் எழுந்திருக்கலேன்னாலோ நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அங்கயாவது அவரையே பேச விடுங்கம்மா."

போனை வைத்ததும் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சுதானே இருந்துச்சு? அப்புறம் என்னத்துக்கு என் மூஞ்சியையே பாத்தீங்க? ஆம்புலன்ஸ் வரைக்கும் போயிடுச்சே!"

"நீ சொல்லிக்கொடுத்தது எங்க எனக்குப் புரிஞ்சுது?" என்றார் அவர் மெல்ல. "உன் உதடு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. எங்க அழுதுடப் போறியோன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவள், அவர் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதேன்.

"மெதுவா அழு. தலை வலிக்குது" என்றார்.