ஏழு வீட்டுக் கட்டைகள்

“உன் வீட்ல ஒட்டுற கட்டை எப்டி இருக்கும் ஜெனி?”

குழாயடியில் ஃபரீதா இதைக் கேட்டபோது குடம் பாதிதான் நிறைந்திருந்தது. ஜெனிஃபா பாதிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தத் தெருவில் கேட்கக் கூடாத கேள்வி அது.

முன்பெல்லாம் அங்கே வீட்டுக்கு வீடு ஷூவின் மேல்பாகம் தைப்பார்கள். ஆம்பூரிலிருந்து வேலை கொண்டுவரும் காஷிஃப், இடது காலை ஒரு வீட்டுக்கும் வலது காலை இன்னொரு வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பான். ஜோடியாகக் கிடைத்தால் விற்றுவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். ஒற்றைக் கால் ஷூவை யார் வாங்குவார்கள்?

ஷூ ஆர்டர் கம்மியானதும், பெங்களூர் பொம்மைக் கம்பெனி ஒன்றின் வேலையைப் பிடித்து வந்தான். எல்லாப் பக்கமும் சதுரமான சின்ன மரக்கட்டைகளை மூன்றும் நான்குமாக ஒட்டி, கோணல்மாணலாக ஏழு உருவம் செய்ய வேண்டும். அந்த ஏழையும் சரியாகப் பொருத்தினால் ஒரு பெரிய கனசதுரம் வரும் என்றார்கள். அதை யாரும் பார்த்ததில்லை. காஷிஃப் பழைய வழக்கத்தை விடாமல் ஏழு உருவத்தையும் ஏழு வீட்டுக்குப் பிரித்திருந்தான். ஒரு வீட்டுக் கட்டையை அடுத்த வீட்டுக்குக் காட்டக் கூடாது. மூட்டையின் வாயைக்கூடத் தைத்துத்தான் தர வேண்டும்.

“டிசைன் வெளிய போச்சுன்னா கம்பெனிக்காரன் என் தோலை உரிச்சுடுவான்” என்பான்.

புதுக் கட்டை மூட்டைகளை வீடு வீடாகக் கொடுத்து, ஒட்டியதை வாங்கி வருபவள் ஜெனிஃபா. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனிக்குப் போனவள்தான். அங்கே ஒட்டுகிற சொல்யூஷனின் நெடி நெஞ்சை அடைக்க, திரும்பி வந்துவிட்டாள். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கும் அவளுக்கும் இப்போது கட்டை ஒட்டுவதும் மூட்டை தூக்குவதும்தான் சோறு.

புதன்கிழமை காஷிஃப் வண்டியை விட்டு இறங்காமலே பேசினான்.

“ஒவ்வொரு வீட்டு மூட்டையிலயும் ஒண்ணு கம்மி. ஏழு வீட்லயும் ஒண்ணொண்ணு. யாரோ முழு செட்டு சேத்துட்டாங்க. ஏழு மூட்டையையும் தொட்டவ யாரும்மா?”

“நான்தான் பாய்.”

“சனிக்கிழமைக்குள்ள செட்டு என் கைக்கு வரணும். வரலன்னா நீ மூட்டையும் தூக்க வேணாம், ஒட்டவும் வேணாம்.”

 ஜெனிஃபாவின் வீட்டு அரிசி டப்பாவுக்குள் ஒரு கட்டை இருந்தது. அவள் ஒட்டியதுதான். ஷூ தைத்த காலத்தில் ஒருமுறை, தையல் சரியில்லை என்று கம்பெனி ஒரு லோடையே திருப்பி அனுப்பியது. அது எங்கள் தையலே இல்லை என்று நிரூபிக்க அன்று யாரிடமும் ஒன்றுகூட மிச்சமில்லை. அதனால்தான் அவள் ஒரு கட்டையைச் சாம்பிளுக்கு வைத்திருந்தாள். இப்போது அதைச் சொன்னால் எவர் நம்புவார்? ஒன்றை எடுத்தவள் ஏழையும் எடுத்திருக்க மாட்டாளா?

மற்ற ஆறையும் எடுத்தது ஃபரீதாவாகத்தான் இருக்க வேண்டும். கட்டை எப்படி இருக்கும் என்று வாய்விட்டுக் கேட்டவள் அவள் ஒருத்திதான். போன ஞாயிறு அவள் தம்பி பெங்களூர் போய் வந்திருக்கிறான். ஜெனிஃபா மனத்துக்குள் ஒன்றோடொன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே போனாள். மறுநாள், இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தரும் சாக்கில் ஃபரீதாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். கண் மூலைமுடுக்கெல்லாம் மேய்ந்தது. ஃபிரிட்ஜின் மேல், ஸ்டெபிலைசருக்குப் பின்னால், படிக்கட்டு போல ஒரு கட்டை.

ஃபரீதா அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்.

“இன்னா, வேவு பாக்க வந்தியா? சல்லடைன்னதுமே நெனச்சேன்.”

“மீதி எங்க?”

“மீதியா? எனக்கு இந்த ஒண்ணோட சரி. நாளைக்கு ஒட்டு சரியில்லன்னு திருப்பிட்டான்னா காட்ட வேணாமா? உன்னுது எப்டி இருக்கும்னு ஆசைக்குக் கேட்டேன். அதுக்குக் குடத்தைத் தூக்கிக்கினு ஓடுன.”

ஜெனிஃபா அங்கிருந்து நேரே சௌந்தரத்தின் வீட்டுக்குப் போனாள். தெருவில் எல்லோருக்கும் மூத்தவள் அவள். கேட்டதும் சிரித்தாள்.

“எந்த வீட்ல இல்ல சொல்லு? நானும் மாவு டப்பாவுல ஒண்ணு போட்டுத்தான் வெச்சிருக்கேன். சனிக்கிழமை நீ மொதல்ல உன்னுதை அவன் முன்னாடி வையி. நாங்க பின்னாடியே வைக்கிறோம். ஏழு பேரையும் அவன் நிறுத்திடுவானா?”

சனிக்கிழமை காஷிஃப் வந்து நின்றதும், ஜெனிஃபா தன் கட்டையை வண்டியின் பலகையில் வைத்தாள். 

“சாம்பிளுக்கு வெச்சது பாய். என்கிட்ட இது ஒண்ணுதான்.”

அடுத்து ஃபரீதா தன்னுடையதை வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வைத்தார்கள்.  காஷிஃப், வைத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் போனில் தட்டிக்கொண்டிருந்தான். சௌந்தரத்தின் கண் அந்தப் போனிலேயே இருந்ததை ஜெனிஃபா கவனித்தாள். இப்படி ஒருமுறை பெயர் ஏறித்தான், ஷூ வேலை பல மாதம் சௌந்தரத்தின் வீட்டு வாசலுக்கு வராமல் போனது.

காஷிஃப் ஆறு கட்டைகளையும் திருப்பித் திருப்பி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினான். பெண்கள் தங்களை மறந்து கிட்டே வந்தார்கள். இத்தனை நாள் ஒட்டியது என்னவென்று இப்போதுதான் பார்க்கிறார்கள். ஒரு மூலை மட்டும் பள்ளமாக நின்றது.

“இது உங்க வீட்டு வேலைதானே சௌந்தரம்மா?”

“என்கிட்ட இல்ல பாய். ஒட்டுனதெல்லாம் போட்டுத் தெச்சுக் குடுத்துட்டேன். மூட்டை தூக்குனவளக் கேளுங்க.”

 எல்லோரும் ஜெனிஃபாவைப் பார்த்தார்கள்.

“இன்னாம்மா, அக்கா சொல்றது நெசமா?” என்றான் காஷிஃப்.

பேசாமல் இருந்தால் எடுத்தவள் அவள்தான் என்றாகிவிடும். பேசினால்?

“இல்ல பாய்” என்றாள். குரல் அவளுக்கே எட்டவில்லை. மறுபடியும் சொன்னாள். “இல்ல பாய். அக்கா மாவு டப்பாவுல இருக்குது. என்கிட்ட அவங்களே சொன்னாங்க.”

காஷிஃப் சௌந்தரத்தின் பக்கம் திரும்பினான். போய் எடுத்து வா என்றுகூடச் சொல்லவில்லை. புது மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி ஜெனிஃபாவின் காலடியில் வைத்தான். சௌந்தரத்தின் வீட்டுக்கான கடைசி மூட்டையை மட்டும் வண்டியிலேயே விட்டு, அதன்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினான்.

சௌந்தரம் அந்தத் தார்ப்பாயைப் பார்த்தாள். பிறகு ஜெனிஃபாவைப் பார்த்தாள். ஃபரீதா வழிவிட்டு ஒதுங்கினாள். சௌந்தரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.